பெயர் சொல்லாமல் ஒரு ஜெபம்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில் ஸ்டீயரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, ஆக்சிலேட்டரும் கிடையாது. ஒரே ஒரு பிரேக் உண்டு. பாதி ஆயுளை அந்த சீட்டிலேயே கழித்த மனிதருக்குப் பிரேக் சார் என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. காரை விட்டு இறங்கிய பிறகும் அவர் பிரேக்கை விடவில்லை என்பதுதான் ஆச்சரியம். வீட்டில் யாராவது புது ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று வாயெடுத்தால் வலது கால் தானாகத் தரையை ஒரு அழுத்து அழுத்தும். டிவியில் துரத்தல் காட்சி வந்துவிட்டால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி சுருண்டு ஒரு மூலைக்குப் போய்விடும்.

இப்படி ஒரு ஆளை ஊர் சர்ச்சின் சபைக் கமிட்டி விட்டுவைக்குமா? வருஷா வருஷம் ஏகமனதாக அவரையே செயலாளர் ஆக்கியது. அவர் செயலாளராக இருக்கும்வரை செயல் ஏதும் நடந்துவிடாது என்ற நிம்மதி எல்லோருக்கும் இருந்தது.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. பெட்ரோல் ஒன்று, வேலை இரண்டு. எந்த வேலையாக எங்கே போனாலும் கார் ஓட்டுவது யாராவது ஒரு மாணவர்தான். பாங்குக்குப் போனாலும் பாடம், துக்கம் விசாரிக்கப் போனாலும் பாடம். மாணவர் யாரும் கிடைக்காவிட்டால் மனைவி ஓட்டுவார். அந்த அம்மா லைசென்ஸ் தேர்வில் தோற்ற கதை ஊரறிந்தது. அவருடைய பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தேர்வு அதிகாரி லீவு போட்ட நாளும் உண்டு. போதாததற்கு அந்தக் காரின் பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. ஏதோ ஒரு மாணவியின் வாண்டு பூட்டில் குச்சியை விட்டதிலிருந்து அப்படி. வெளியே நின்று யாராவது திறந்துவிட வேண்டும். அடுத்த வாரம் சரிபண்ணிவிடலாம் என்று பிரேக் சார் பல அடுத்த வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மகள் வந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற நாட்களில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர், ஞாயிறானால் சபைச் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். பாட்டுப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று ஒரு பொண்ணு அழுதாளாம். முன்பல் விழுந்த பொண்ணு. பிரேக் சாருக்கு அவளை நன்றாகத் தெரியும். ஆராதனை முடிந்ததும் கார்ப் பக்கம் ஓடிவந்து, "அங்கிள், ஒரே ஒரு ஹாரன்" என்று கேட்கிறவள் அவள்தான். ஒரு ஹாரன் என்பது எப்போதும் ஏழெட்டாகத்தான் முடியும். கொஞ்ச நாளாக அவள் வரவில்லை. காது தப்பியது என்று இவரும் சும்மா இருந்துவிட்டார்.

ஏன் போக மாட்டேன் என்று டீச்சர் கேட்டிருக்கிறாள். பொண்ணு சொல்லிவிட்டாள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற உதவிப் பாஸ்டர், தன் அறைக்கு அவளைத் தனியாகக் கூப்பிட்டு என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிட்டாள். அதை மகள் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை, குரலைத் தாழ்த்தாமல், கடைசிவரை சொன்னாள். எஞ்சின் ஓடாத காரில், நகராத காரில், பிரேக்கை அடிவரை மிதித்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதைப் போலீஸ்ல சொல்லணும்பா."

"நான் பாத்துக்கறேம்மா. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லிடறேன்."

பக்கத்து சீட்டில் இருப்பவர் சமயத்துக்குப் பிரேக் போடுவார் என்று கற்றுக்கொள்கிறவர்கள் நம்புவதுபோல் மகள் அப்பாவை நம்பினாள்.

சொல்ல வேண்டிய இடம் என்று அவர் நினைத்தது பெரிய பாஸ்டரை. பெரிய பாஸ்டருக்கு ஒரு வழக்கம். கெட்ட செய்தி எது வந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிக்கும்வரை செய்தி வாசலில் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு மிக நிதானமாகத் துடைத்தார். அந்தப் பொண்ணின் அம்மாவும் தன்னிடம் வந்து அழுததாகவும், மன்னிக்கிற மனசைக் கொடுக்கும்படி ஜெபித்து, சபைக் காலண்டர் ஒன்றையும் கொடுத்து அனுப்பியதாகவும் சொன்னார். பிறகு பேராயருக்குப் போன் போட்டார். பேராயர் யோசித்து ஒரு வழி சொன்னார். உதவிப் பாஸ்டருக்கு உடனே மாற்றல். சபை நடத்தும் ஒரு விடுதிக்கு.

கமிட்டி கூடியது. இந்தக் கமிட்டியில் ஓட்டெடுப்பு கிடையாது. முக்கியமான தீர்மானத்துக்குச் சற்று முன்னால் பிஸ்கட் தட்டு சுற்றி வரும். எல்லார் வாயிலும் பிஸ்கட் இருக்கும் நேரம் பார்த்துப் பெரிய பாஸ்டர், "ஆட்சேபணை இல்லையே, ஆமென்" என்பார். வருஷக்கணக்காகச் சபை இப்படித்தான் ஒருமனப்பட்டு வந்தது. அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் மட்டும் சர்க்கரை வியாதி என்று தட்டைத் தள்ளிவிட்டுவிட்டார். இப்படிப்பட்ட விஷயம் தெரிந்தும் போலீஸில் சொல்லாவிட்டால் சொல்லாதவர்கள் மேலேயே கேஸ் வருமாமே என்று இழுத்தார். பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டார்.

"அது விடுதின்னா, அங்க பிள்ளைங்கதானே இருக்கும்?"

"அதனாலதான் அங்க ஆள் தேவைப்படுது" என்றார் பெரிய பாஸ்டர்.

பிஸ்கட் தட்டு இன்னொரு சுற்று வந்தது. மருந்துக்கடைக்காரர் சர்க்கரையை மறந்து இரண்டு எடுத்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது. திங்கட்கிழமை மாற்றல், ஞாயிற்றுக்கிழமை பிரிவுபசாரம், சுவர்க்கடிகாரம் அன்பளிப்பு, வெளியே யாரும் மூச்சுவிடக் கூடாது. ஆனால் ஜெபம் பண்ணாமல் இருக்க முடியுமா? ஜெபச் சங்கிலியில் போட்டுவிடுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்று செயலாளருக்கு உத்தரவானது.

ஜெபச் சங்கிலியின் தலைவி செயலாளரின் மனைவி. அவர் ஒரு விண்ணப்பத்தைப் போனில் பேசி அனுப்புவார். கேட்டவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டும். சங்கிலியில் ஏறிய செய்தி ஒரு டீ ஆறுவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டு, திரும்பி அவருடைய போனுக்கே வந்து சேரும்.

பெயரைச் சொல்லவே மாட்டேன் என்று பிரேக் சார் உறுதியாகத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரிவுபசாரம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டார். கை கழுவி எழுந்தபோது பெயரைத் தவிர மற்ற அத்தனையையும் சொல்லி முடித்திருந்தார். அம்மா போனை வாயருகே வைத்துக்கொண்டு, ரகசியக் குரலில், ஆனால் தெளிவாகப் பேசினார்.

"பிரியமானவங்களே, இது ஒரு ரகசிய விண்ணப்பம். பேர் கேக்காதீங்க. பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒரு ஊழியர். கிட்டார் வாசிப்பார். திங்கக்கிழமை மாத்தலாகி ஒரு பிள்ளைங்க விடுதிக்குப் போறார். ஒரு சின்னப் பொண்ணு சொன்னதால அவருக்குக் கஷ்டம் வந்திருக்கு. போற இடத்துல அவருக்கு அந்த மாதிரி சோதனை வரக் கூடாது, நம்ம சபை பேரும் கெடக் கூடாது. யாருங்கிறது ஆண்டவருக்குத் தெரியும்."

ஆண்டவருக்கு மட்டுமா? சபையில் இருந்ததே ஒரு கிட்டார்.

திங்கட்கிழமை காலை பிரேக் சார் டிரைவிங் ஸ்கூலைத் திறந்து, சாலைக் குறிகள் வரைந்த அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வந்து மாணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்கப்போனவர் சீருடையைப் பார்த்துக் கேள்வியை விழுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். இன்ஸ்பெக்டரம்மாவின் மாமியாருக்கு முட்டி வலி. சபையைச் சேர்ந்தவர் இல்லை என்றாலும், ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமாகி, செயலாளரின் மனைவிதான் அந்த முட்டியைச் சங்கிலியில் சேர்த்துவிட்டார். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் எது வந்தாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துத்தான் கேட்பார். நேற்று அப்படி அவர் கேட்டபோது மருமகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முட்டி இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"முட்டி பரவாயில்ல சார். நீங்க சொல்லுங்க."

நாங்கள் ஜெபம்தான் பண்ணினோம், பொதுவாக ஒரு ஜெபம், அவ்வளவுதான் என்றார் பிரேக் சார்.

"பொதுவா, ஒரு கிட்டாருக்கு?"

 பெரிய பாஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வருவதாக இன்ஸ்பெக்டரம்மா சொன்னார். செயலாளர் வீட்டம்மா ஏதோ உணர்ச்சிவசப்பட்டு இல்லாததைப் பேசிவிட்டார், மற்றபடி சபைக்கு ஒன்றுமே தெரியாது என்றாராம் அவர். உதவிப் பாஸ்டரும் நேற்றே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டாராம். அப்படித்தானா?

உதவிப் பாஸ்டரைப் பிற்பகலில் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடவேண்டியவரே பிரேக் சார்தான். மேஜைக்கு அடியில் அவர் கால் தரையை அழுத்திய அழுத்தில் நாற்காலி லேசாகப் பின்னால் நகர்ந்தது.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். "பேர் இல்லாம ஜெபம் பண்ணலாம் சார். பேர் இல்லாம கேஸ் எழுத முடியாது. அந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியணும், அந்த ஆள் எங்கன்னு தெரியணும். தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது தனிக் குத்தம். அதுக்கு மட்டும் பேருங்க இப்பவே கிடைச்சாச்சு. சாயங்காலம் வரைக்கும் நான் ஸ்டேஷன்லதான் இருப்பேன்."

மத்தியானம் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு புயல். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து பாதியில் வந்திருந்தாள். பல் டாக்டருக்கே சங்கிலி போய்விட்டிருந்தது. சாப்பாட்டு மேஜை நடுவே போனை வைத்து அம்மாவின் குரலை அம்மாவுக்கே போட்டுக்காட்டினாள். முடிந்ததும் கேட்டாள்.

"இதுல அந்தப் பொண்ணுக்காக எங்கம்மா ஜெபம் இருக்கு?"

பேர் வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டேன் என்று அம்மா ஆரம்பித்தார்.

"பேர் வேண்டாம். ஆனா அவ இதுல வர்றாளே. அவருக்குக் கஷ்டம் கொடுத்தவளா வர்றா."

அம்மா ஒரு பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டார். மகள் அப்பா பக்கம் திரும்பினாள். போலீஸில் சொல்லியாகிவிட்டது அல்லவா என்று கேட்டாள். மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது என்றார் இவர்.

"மேலிடம் யார்கிட்ட சொல்லுச்சு?"

பிரேக் சார் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைத் தொடாமல் மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கோபம் தணிந்து வந்துவிடுவாள் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.  மனைவி ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்டிராத நிசப்தம். ஏதோ ஒரு மெஷின் ரிப்பேராகி நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

பிற்பகலில் மாணவர் யாரும் வரவில்லை. கொள்கையை விட முடியுமா? மனைவிதான் ஓட்டினார். பக்கத்தில் பிரேக் சார். பின்னால் உதவிப் பாஸ்டர், மடியில் கிட்டார், காலடியில் சுவர்க்கடிகாரம். அவர் பத்திரமாகப் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்று பெரிய பாஸ்டரும் வந்து பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார். பிரேக் சார் வெளியே நின்று கதவைச் சாத்தினார்.

கார் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. பெரிய பாஸ்டர் முன்சீட்டுப் பக்கம் குனிந்தார். இன்ஸ்பெக்டர் வந்துபோனதைச் சொல்லி, பழியைத் தற்காலிகமாக அம்மாவின் மேல் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"சபைக்காக ஒரு தியாகம்னு நினைச்சுக்கோங்கம்மா. இனிமே நாக்கைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க."

அம்மா, "சரி பாஸ்டர்" என்றார். மத்தியானத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

உதவிப் பாஸ்டர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல் சொன்னார்: "அங்க பிள்ளைங்களுக்குப் பாட்டுன்னா உயிராம்."

முச்சந்தி வந்தது. நேராகப் போனால் பஸ் நிலையம். அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். கியரைச் சத்தமில்லாமல் குறைத்தார். கிளச்சைப் பூ மாதிரி விட்டார். இத்தனை வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் ஒரே திருப்பத்தில் ஒழுங்காக வந்ததைப் பார்த்து, பிரேக் சாருக்கு முதலில் ஆசிரியர் என்ற முறையில் நெஞ்சு நிறைந்தது. கார் திரும்பியது போலீஸ் ஸ்டேஷன் ரோட்டில் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"பஸ் ஸ்டாண்டுக்கு நேரா போகணும்மா" என்றார் பெரிய பாஸ்டர்.

"தெரியும் பாஸ்டர்."

"செயலாளரே, பிரேக் போடுங்க."

கால் ஏற்கெனவே பிரேக்கின் மேல்தான் இருந்தது. சின்னதாக ஒரு அழுத்து, கார் நின்றுவிடும். நின்றால் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக்கொள்ளலாம், பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இன்ஸ்பெக்டரம்மாவிடம் கூரையைப் பார்க்கலாம், அடுத்த வருஷமும் ஏகமனதாகச் செயலாளர் ஆகலாம். அங்கே ஒரு விடுதியில் பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்வார்கள். ஸ்டீயரிங்கின் நடுவில் இருந்த ஹாரன் பொத்தான் அவர் கண்ணில் பட்டது. பல பேர் கைபட்டு வழவழத்துப் போன பொத்தான். ஒரே ஒரு ஹாரன் கேட்டு யாரும் வராத ஞாயிற்றுக்கிழமைகளைக் காது தப்பியது என்று கழித்த மனிதர் அவர்.

"பிரேக், செயலாளரே."

பிரேக் சார் காலைத் தூக்கினார். எங்கே பழக்கதோஷத்தில் அது தானாக மிதித்துவிடப் போகிறதோ என்ற பயத்தில், தூக்கிய காலை இன்னொரு காலுக்கு மேல் போட்டுக்கொண்டார். பெரிய பாஸ்டருக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு அந்தச் சபையில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.  பின்சீட்டில் கதவுக் கைப்பிடியை யாரோ வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. அடுத்த வாரம் சரிபண்ணிவிடலாம் என்று தள்ளிப்போட்டதில் உருப்படியான ஒரு காரியம் வாழ்க்கையில் முதல் தடவையாக நடந்தது.

ஸ்டேஷன் வாசலில் 'இங்கு வாகனங்களை நிறுத்தக் கூடாது' என்ற பலகை இருந்தது. கார் அதைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

"இதுக்காவது போட்டிருக்கலாம்ல?" என்றார் அம்மா.

உள்ளே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பொண்ணின் அம்மா, மடியில் சுருட்டிய சபைக் காலண்டர். வீட்டைவிட்டுக் கோபமாகப் போனவள் எங்கே போயிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. எழுத வேண்டியதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஆளைத் தேடி ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்து, சாய்ந்த பலகையைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், பின்கதவைத் தானே திறந்துவிட்டார்.

"நேத்தே போயிட்டார்னு சொன்னீங்களே பாஸ்டர்."

பெரிய பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

உதவிப் பாஸ்டரை ஒரு அறைக்குள் கூட்டிப்போனார்கள். கிட்டாரை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். மற்றவர்களை இன்ஸ்பெக்டரம்மா தன் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார். சபைக்கு எதுவுமே தெரியாது, நாங்கள் ஜெபம் பண்ணினோம், அவ்வளவுதான் என்று பெரிய பாஸ்டர் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எதுக்குன்னு தெரியாமலா?"

அவர் கையில் துணியும் கண்ணாடியும்தான் இருந்தன. இந்த இடத்தில் பிஸ்கட் தட்டு கொண்டுவர ஆளில்லை.

"தெரியும் மேடம்" என்றார் பிரேக் சார். குரல் முதல் கியரில் திணறியது. "எனக்குத் தெரியும். என் பொண்ணு சொன்ன அன்னைக்கே தெரியும். போலீஸ்ல சொல்லணும்னு அவ சொல்லியும் நான்தான் சொல்லலை. இவருக்குத் தெரியும், கமிட்டி மொத்தத்துக்கும் தெரியும், பேராயருக்குத் தெரியும். பிள்ளைங்க விடுதின்னு தெரிஞ்சுதான் அனுப்பினோம். என் வீட்டுக்காரி இல்லாதது எதையும் பேசலை. இருக்கிறதைத்தான் பேசினா, தப்பான ஆளுக்காகப் பேசிட்டா."

உங்கள் மேலும் கேஸ் வரும், தெரியும்தானே என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். தெரியும் என்று தலையாட்டினார். பலகைக்கும் தனியாக வருமா என்று ஒரு சந்தேகம் கேட்டார். வரும் என்றார் அவர்.

மகள் பெஞ்சிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் போய் உட்கார்ந்தார். அந்தப் பொண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வதென்று வாயைத் திறந்து, தெரியாமல், "குழந்தை எப்ப வேணா வந்து ஹாரன் அடிக்கலாம்" என்றார். அந்தத் தாய் காலண்டரை மட்டும் மடியிலிருந்து எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டார்.

நடையில் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சங்கிலியில் இருந்து விசாரிப்புகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, இதைச் சங்கிலியில போடணும்ல?"

"போடு" என்றார் பிரேக் சார். "அந்தக் குழந்தை பேரை மட்டும் போடாத. மத்த எல்லார் பேரையும் போடு. என் பேர்ல ஆரம்பி."

"உங்க பேர் அப்புறம்" என்றார் மனைவி. பொத்தானை அழுத்தினார். "பிரியமானவங்களே, முதல்ல அந்தக் குழந்தைக்காக."